பத்து நாளில் ஒரு சாரத் துணி

போன வாரம் இராச்சோறு சாப்பிடும்போது சின்னவள் ஒரு கேள்வி கேட்டாள். அவளுடைய வகுப்பில் அஞ்சாறு பிள்ளைகளின் அப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்களாம். வரும்போது ஆள் உயரப் பெட்டியோடு வருகிறார்களாம். "நீங்க மட்டும் ஏம்ப்பா போகல?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும். ஆனால் முழுக்க இரண்டு பேருக்கும் தெரியாது. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் உங்கள் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதுகிறேன். எட்டாம் ஆண்டோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வயதில் மலையை விட்டுக் கீழே இறங்கி, பலாபத்வலையைத் தாண்டி ஒரு கிளைப் பாதையில் இருந்த நெசவு மில்லில் எண்ணெய் போடுகிற வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது அங்கே நூறு தறிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. நூறு தறி ஒன்றாக ஓடுகிற சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. தரை நடுங்கும். தேத்தண்ணிக் கோப்பையில் ஆடை கட்டாது, ஆடிக்கொண்டே இருக்கும். உள்ளே யாரும் யாரோடும் பேச முடியாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. பழகப் பழகத் தறியின் வயிறு, கை, கால் எல்லாம் எனக்குப் பிடிபட்டது. ஐந்தாறு வருடத்தில் தறி திருத்துகிற கைவேலைக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரி என்னையும் எல்லாரும் 'பாஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த மில்லில் சத்தம் இல்லாத இடம் ஒன்றே ஒன்று. நூல் கோர்க்கிற அறை. அங்கேதான் உங்கள் அம்மா வேலை செய்தாள்.

அது என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், பிறகு அது தேவைப்படும். ஒரு துணி நெய்ய, நீளவாக்கில் ஓடுகிற நூல் எல்லாவற்றையும் முதலில் பீம் என்கிற பெரிய உருளையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஆம்பிளைகள் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றுக்கு இரண்டாயிரத்துக்குக் கிட்ட நூல் இருக்கும். ஒவ்வொரு நூலையும் அதற்கென்று இருக்கிற கம்பியின் கண்ணுக்குள் நுழைத்து, பிறகு சீப்பு மாதிரி இருக்கிற ரீட்டின் பல்லுக்கு நடுவே இழுத்துவிட வேண்டும். இதை மெசினால் செய்கிற ஊர்களும் இருக்கின்றன. எங்கள் மில்லில் கைதான். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பின்னால் இருந்து நூலைப் பிரித்து நீட்டுவார். ஒருவர் முன்னால் இருந்து கொக்கியால் அதைப் பிடித்து இழுப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் திரைச்சீலை மாதிரி கம்பிகள். முகம் பாதி தெரியும், பாதி தெரியாது.

ஒரு நாள் முன்னால் இருக்கிற பெண் வரவில்லை. சும்மா நின்ற என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பின்னால் உங்கள் அம்மா. அன்றைக்கு நான் விட்ட பிழைகளுக்கு அவள் திட்டிய திட்டை இங்கே எழுத மாட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் எப்போது வரமாட்டாள் என்று நான் காத்திருந்தேன். இவ்வளவு போதும்.

மில் ஒரே நாளில் சாகவில்லை. வெளிநாட்டுத் துணி வந்தது. நாங்கள் நெய்கிற சாரத்தைவிட அது மலிவு, மினுமினுப்பும் கூட. எங்கள் துணி மாத்தளைக் கடைகளில் அடுக்கின் அடித்தட்டுக்குப் போனது. முதலில் இருபது தறியை நிறுத்தினார்கள். ஓடுகிற தறியில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் புதிதாக வாங்கித் தருவதில்லை. நின்ற தறியில் இருந்து கழற்றிப் போடு என்பார்கள். நான்தான் கழற்றினேன். நானே திருத்தி வைத்திருந்த தறிகளை நானே கோழி உரிக்கிற மாதிரி உரித்தேன். அப்படி உரித்து உரித்து மற்றதை இன்னும் ஆறு வருடம் ஓட்டினோம்.

மூடிய செய்தியை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. காலையில் போனபோது கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெரியவள் அப்போது அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். மழை. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு பத்து மணி வரைக்கும் நின்றாள். உள்ளே இருந்து ஒருவரும் வந்து முகம் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்தக் கேட்டுக்குள்ள இனி என் காலு போகாது" என்றாள். சொன்னால் சொன்னதுதான், தெரியும்தானே அவளை.

எங்களைச் சாமான் எடுக்க ஒரு நாள் உள்ளே விட்டார்கள். தறியில் இருக்கிற துணியை அறுத்து எடுத்து, நூலை உருவித் துப்புரவாக வைத்துவிட்டுப் போங்கள் என்று உத்தரவு. துணியை அறுத்தோம். ஆனால் நூலை ஒருவரும் உருவவில்லை. கம்பிக் கண்ணிலும் ரீட்டிலும் நூல் கோர்த்தபடி இருக்க, பின்பக்கம் ஒரு முழம் விட்டு, கொத்துக் கொத்தாக முடிந்து வைத்தோம். அது எங்கள் வழக்கம். ஒரு பீம் தீர்ந்தால் தறியை வெறுமையாக்க மாட்டோம். பழைய நூலின் வாலில் புதிய நூலை ஒவ்வொன்றாக முடிந்து முன்னுக்கு இழுத்தால் எல்லாம் தானாக அதனதன் கண்ணுக்குள் போய்விடும், புதிதாகக் கோர்க்கத் தேவையில்லை. வெறும் தறியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் திரும்பி வர நினைக்காதவன் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. நாங்கள் யாரும் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும் அப்படித்தான் செய்தோம்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம். பெரியவள் பிறந்தாள், சின்னவள் பிறந்தாள். அம்மா கார்மெண்டுக்குப் போனாள், சட்டைக் கொலர் தைத்தாள். சட்டை இங்கே தைத்தார்கள், துணி கப்பலில் வந்தது. நான் மிளகு அரைக்கிற மெசின், நெல் குத்துகிற மெசின் என்று நாவுல டவுன் வரைக்கும் போய்த் திருத்திக் கொடுத்தேன். எப்படியோ ஓடியது. பிறகு நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம் வந்தது. அது பெரியவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், கேஸ் சிலிண்டர் வரிசையில் அவளும் நின்றாள். டீசல் இல்லை, கரண்ட் இல்லை, மெசின் ஓடாவிட்டால் திருத்துகிறவனுக்கு என்ன வேலை? கார்மெண்டிலும் ஓடர் குறைந்து அம்மாவை வீட்டில் நிற்கச் சொன்னார்கள்.

நான் மாத்தளை டவுனில் ஒரு ஏஜென்சிக்குப் போய்ப் பெயரைக் கொடுத்தேன். கட்டாரில் ஒரு கராஜில் வேலை. மெடிக்கல் முடிந்தது. பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் வர முடியாது. போக இன்னும் மூன்று வாரம் இருந்தது. உங்கள் அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு மூன்று சட்டைக்குப் பொத்தான் மாற்றித் தைத்தாள்.

அந்த நேரத்தில்தான் மூடிய மில்லைக் காவல் காத்த வாச்சர் ஆள் அனுப்பினார். மில்லை ஒரு முதலாளி வாங்கியிருக்கிறார், தறி தெரிந்த ஆளைத் தேடுகிறார் என்று. போனேன். குருநாகல் பக்கத்துச் சிங்களவர், என் வயதுதான் இருக்கும். கப்பலில் துணி வருவது நின்றுபோய்விட்டதால் சாரத்துக்குக் கடைக்காரர்கள் அலைகிறார்கள் என்றார். ஆனால் அவர் இரும்புக்காகவும்தான் அந்த இடத்தை வாங்கியிருந்தார், அதை அவர் மறைக்கவில்லை. பழைய இரும்பு எடுக்கிற லொறிக்காரர் அப்போதே வந்து தறிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி என்னிடம் சொன்னது இதுதான்: ஒரு தறியை ஓட்டிக் காட்டு. பத்து நாள். விற்கக்கூடிய சாரத் துணி வந்தால் மில்லைத் திறக்கிறேன், நீதான் பாஸ். வராவிட்டால் பதினோராம் நாள் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிவிடுவேன்.

வீட்டில் வந்து சொன்னேன். பத்தாம் நாள் துணி வந்தால் நான் கட்டார் போகத் தேவையில்லை. இதை அம்மா கேட்டுக்கொண்டாள். "சாப்பிடுங்க" என்றாள்.

எனக்குத் துணைக்கு ஒருவர் வேண்டும். எங்கள் பழைய நெசவாளிகளில் ஒருவர் மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்தில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவர்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா, நாங்கள் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிட்டார். உள்ளே நுழைந்து தூசி படிந்த தறிகளைப் பார்த்துச் சலாம் சொன்னார். வேடிக்கைக்கா மெய்யாகவா என்று நான் கேட்கவில்லை.

நல்ல நிலையில் இருந்த தறி ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். மோட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வார்ப்பட்டியை மாற்றி, எண்ணெய் போட்டு, கையால் சுற்றிப் பார்த்தால் சுற்றியது. அந்தத் தறியில் நாங்கள் முடிந்துவைத்துவிட்டுப் போன நூல் அப்படியே இருந்தது. நிறம் மட்டும் பழுத்திருந்தது. கடைசியாக அதில் ஓடியதும் சாரம்தான், அதே எண்ணிக்கை நூல். நானா அதைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தார். எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முதலாளி கொண்டுவந்த புதிய பீமைப் பின்னால் ஏற்றினோம். யோசிக்கவே இல்லை. வழக்கம்போல பழைய நூலில் புதிய நூலை முடிய உட்கார்ந்துவிட்டோம்.

இரண்டாயிரம் முடிச்சு. இரண்டு பேர், நான்கு நாள். விரல் நுனி தோல் உரிந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் முன்பக்கம் மெதுவாக இழுத்தோம். ஒரு சாண் வந்தது. பிறகு பட் பட்டென்று அறுந்தது. ஒன்று இரண்டு இல்லை. மழை பெய்கிற மாதிரி அறுந்தது. முடிச்சு ஒன்றும் அவிழவில்லை, முடிச்சுக்கு இந்தப் பக்கம் பழைய நூல்தான் அறுந்தது. நெய்கிற நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். பன்னிரண்டு வருடமாகக் கரப்பான் அந்தக் கஞ்சியை நக்கித் தின்றிருக்கிறது, கூரை ஒழுகி ஈரம் இறங்கியிருக்கிறது. கையில் எடுத்துத் திருகினால் தூளாகக் கொட்டியது.

நானா அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பாஸ், இது நூல் இல்ல. நூலுட மையத்து. நாம நாலு நாளா மையத்தோட முடிச்சுப் போட்டிருக்கோம்" என்றார். சிரிக்க வேண்டிய பேச்சு, இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. மையத்து என்றால் அவர்கள் பேச்சில் பிணம்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது ஒரு கொத்து நூலைச் சோற்றுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். ஏன் என்று தெரியாது. அம்மா பெட்டியைக் கழுவத் திறந்தவள் அதை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

"இது செத்துப் போச்சே. இதுல முடியச் சொன்னது யாரு?"

"வழக்கம்தானே, புள்ள."

"அது ஆளுங்க உள்ள இருக்கிற காலத்து வழக்கம். நேத்து ஓடுன நூல்ல இன்னைக்கு முடியிறதுக்கு. பன்னெண்டு வருசம் பூட்டிக் கெடந்ததுக்கு இல்ல." அவள் நூலைக் குப்பையில் போட்டாள். "எல்லாத்தையும் உருவிட்டு மொதல்ல இருந்து கோர்க்கணும். நானாவுக்குக் கோர்க்கத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

அவளுக்குத்தான் பதில் தெரியும்.

அடுத்த நாள் காலையில் எழும்பினால் அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு சோற்றுப் பார்சல் கட்டி இருந்தது. அம்மா உங்கள் இருவரையும் அடுத்த வீட்டுக்காரியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கார்மெண்டுக்குப் போகிற செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். மில் கேட்டுக்கு வந்ததும் அவள் ஒரு நிமிடம் நின்றாள். வாச்சர் அவளைக் கண்ட சந்தோஷத்தில் பெரிய கேட்டையே திறக்கப் போனார். "சின்னக் கதவு போதும், அண்ணே" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள்.

பழைய நூலை முழுக்க உருவி எடுத்தோம். கம்பிகள் வரிசையாகத் தொங்குகிற சட்டங்களையும் ரீட்டையும் கழற்றி வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோனோம். அவள் பின்னால், நான் முன்னால். நானா துரு ஏறிய கம்பிகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தார். அவள் கண்ணாடி போட்டிருந்தாள். பழைய நாளில் கண்ணாடி கிடையாது, அது ஒன்றுதான் வித்தியாசம். விரல் அதே விரல். நூலைத் தொட்டதுமே அது அவளுக்குப் பிரிந்து வந்தது.

கட்டம் போட்ட சாரத்தில் நிறத்தைச் சொல்லிச் சொல்லித்தான் கோர்க்க வேண்டும். பின்னால் இருப்பவர் சொல்வார், முன்னால் இருப்பவர் இழுப்பார். "செவப்பு ஒண்ணு, செவப்பு ரெண்டு, செவப்பு மூணு, செவப்பு நாலு. வெள்ள ஒண்ணு, வெள்ள ரெண்டு. நீலம் ஒண்ணு..." இப்படி ஆறு நீலம். பிறகு மறுபடி வெள்ளை, மறுபடி சிவப்பு. இதற்கு நடுவில் வேறு பேச்சுப் பேசக் கூடாது. பேசினால் எண்ணிக்கை போய்விடும். கோர்க்கிற அறையின் முதல் விதி அது. மூத்திரத்துக்குப் போக எழும்புவதென்றாலும் ஒரு கட்டம் முடிந்த பிறகுதான்.

கோர்க்க உட்கார்ந்த முதல் நாள் மூன்றில் ஒரு பங்குதான் முடிந்தது. இரண்டாம் நாள் கை பழகிவிட்டது. மூன்றாம் நாள் பின்னேரம், இன்னும் ஒரு சாண் அகலம்தான் பாக்கி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் குரல் கோயிலில் மந்திரம் சொல்கிற மாதிரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"செவப்பு மூணு, செவப்பு நாலு. வெள்ள ஒண்ணு, வெள்ள ரெண்டு. நீங்க போகாதீங்க. நீலம் ஒண்ணு, நீலம் ரெண்டு..."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கை நிற்கவும் இல்லை. நூலை நீட்டிக்கொண்டே இருந்தாள். நான் கம்பிகளுக்கு நடுவே பார்த்தேன், கண்ணாடியும் கொஞ்சம் நெற்றியும்தான் தெரிந்தது. நானும் இழுத்துக்கொண்டே இருந்தேன். எந்த நூலை எந்தக் கண்ணில் இழுத்தேன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அவள் இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல, வேறு பேச்சே பேசக் கூடாத நேரத்தைத் தெரிந்தெடுத்திருந்தாள். அந்த நேரத்தில் என்னாலும் ஒன்றும் திருப்பிச் சொல்ல முடியாதே.

ஒன்பதாம் நாள் சட்டங்களையும் ரீட்டையும் திரும்பத் தறியில் மாட்டி, நூலை முன்னால் கட்டினோம். கரண்ட் வந்த மூன்று மணித்தியாலத்தில் நானா தறியை ஓட்டினார். ஒரே ஒரு தறியின் சத்தம் அந்தப் பெரிய மண்டபத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. துணி வந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம். கட்டம் கட்டமாக.

பத்தாம் நாள் காலை முதலாளி வந்தார். லொறிக்காரரும் வந்து மாமரத்தடியில் லொறியை நிறுத்திக்கொண்டார். முதலாளி துணியை அறுத்து எடுக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார். ஒரு ஓரத்தில் இருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மற்ற ஓரத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது விரல் நின்றது.

நானும் அப்போதுதான் பார்த்தேன். நீலத்துக்குள் ஒரு தடித்த கோடு, துணி முழு நீளத்துக்கும். பக்கத்துப் பக்கத்து நூல் ஒன்று ஏறும்போது மற்றது இறங்க வேண்டும். இங்கே இரண்டு நூல் ஒரே சட்டத்தில் கோர்க்கப்பட்டு, சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கியிருக்கின்றன. அது எந்த நிமிடத்தில் நடந்தது என்று எனக்குத் தெரியும்.

யாருடைய வேலை என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

"என்னோடது" என்றேன்.

"இல்ல, என்னோடது, நான்தான் நூலு நீட்டுனது" என்று அம்மாவும் அதே நேரத்தில் சொன்னாள். இரண்டும் சிங்களத்தில், ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது.

நானா இடையில் புகுந்தார். இவங்க புருஷன் பெண்சாதி, முதலாளி, வீட்டிலும் ஒரு பிழைக்கு இரண்டு சொந்தக்காரர்கள்தான் என்றார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் துணியை விடவில்லை. இன்னொரு தடவை முழுக்கப் பார்த்தார். வேறு பிழை இல்லை. இந்தக் கோட்டை எடுக்க எவ்வளவு நேரம் என்று கேட்டார். அந்த நூல் ஒன்றை மட்டும் வெட்டிச் சரியான கண்ணில் கோர்த்தால் போதும், அரை மணித்தியாலம் என்றேன். செய் என்றார். அம்மா பின்னால் போனாள், நான் முன்னால். இருபது நிமிடத்தில் முடித்தோம். தறி மறுபடி ஓடியது. அவர் அரை முழம் துணி வரும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, மாமரத்தடிக்குப் போனார். லொறிக்காரர் கையை விரித்து ஏதோ கேட்டார். பிறகு லொறி வெறுமையாகப் போனது.

அடுத்த திங்கட்கிழமை ஏஜென்சிக்கு நானும் அம்மாவும் போனோம். அங்கிருந்த தம்பி கோபப்பட்டார், நியாயம்தான். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் போகாததற்கு என்ன காரணம் என்று கேட்டார். இங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்றேன். என்ன வேலை என்றார். நெசவு மில் என்றதும், அதெல்லாம் எத்தனை நாளைக்கு அண்ணே என்று சொல்லிக்கொண்டே பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தார்.

எத்தனை நாளைக்கு என்று எனக்கு இப்போதும் தெரியாது. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. நூறு தறியில் இன்றைக்குப் பதினொன்றுதான் ஓடுகிறது. கப்பலில் துணி மறுபடி வர ஆரம்பித்துவிட்டது. சில வாரம் நூல் வராமல் சும்மா இருக்கிறோம். முதலாளி நல்லவர், ஆனால் அவரும் நட்டத்துக்கு நடத்த மாட்டார். நாளைக்கு மூடினாலும் மூடலாம். அப்படி மூடினால், நூலை உருவித் தறியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வருவேன், மறுபடி திறக்கிறவன் செத்த நூலில் முடியக் கூடாது.

அன்றைக்கு ஏஜென்சியில் இருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். இரத்தோட்டை பஸ்ஸில் இருந்து தோட்டத்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் சட்டைப் பையில் இருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இந்தப் படத்துல இருக்கிற ஆளு பாதி வழி போயிட்ட மாதிரியே இருக்காரு" என்றாள்.

பிறகு அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் போய்விட வேண்டும் என்று சொல்லி, எனக்கு முன்னால் நடந்தாள்.